பாட்டருவிக்கு ஆறு மார்க்

ஆனி 6, வெள்ளி

இன்று அம்மன் சன்னிதியில் மட்டன் பிரியாணி விளம்பரம் ஓடியது. போன் என்னுடையதுதான். யார் மேலும் பழி போட வழியில்லை. எங்கள் பாட்டுக் குழுவுக்குப் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சரணம் முடிந்து எல்லோரும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தபோது, பக்கெட் பிரியாணி வாங்கினால் சிக்கன் லெக் பீஸ் இலவசம் என்று ஒருவன் கத்தினான். குருக்கள் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். குழுவில் என் கூட்டாளி உலகம்மைதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்தால் மண்டபமே சிரித்தாக வேண்டும்.

காசு கட்டாமல் கேட்டால் இப்படித்தான். குழுவுக்கென்று விளம்பரம் இல்லாத ஆப் ஒன்றை எடுத்துவிடுவது என்று முடிவானது. எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "வரவு செலவு எழுதுத கை. அது ஏமாறாது" என்றாள் உலகம்மை. பாராட்டா கேலியா என்று அவள் பேச்சில் பிரித்தெடுக்க முடியாது.

ஆடி கடைசி வெள்ளி திருவிளக்கு பூஜை. அம்பாசமுத்திரத்தில் பாதிப் பெண்கள் அன்று விளக்கோடு வந்து உட்காருவார்கள். எங்கள் குழு பாடும். நான் ஒரு வரி எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான். யாரிடமும் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்டதில்லை. ரேடியோவில் கேட்டேன், கேசட்டில் கேட்டேன், இப்போது போனில் கேட்கிறேன். எல்லாம் காது கொடுத்த படிப்பு. இந்த வருஷம் மூன்று புதுப் பாட்டு வேறு.

கானக்குயில், பாட்டருவி, ஸ்ருதி பிளஸ். மூன்றும் முதல் இரண்டு மாதம் சும்மா தருகிறார்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து மார்க் போடப்போகிறேன். அம்பாள் துணை.

ஆனி 9, திங்கள்

கானக்குயில்.

தேடுவது சுலபம். அம்மன் என்று அடித்தால் அம்மன் வருகிறாள். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அதுவாகவே அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. விளக்குத் துடைத்துக்கொண்டு இருந்தேன். அம்மன் பாட்டுக்குப் பின்னால் ஒரு முருகன் பாட்டு, அதற்குப் பின்னால் குத்துப் பாட்டு. யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்று அதற்குத் தெரியுமாம். எனக்கு என்ன பிடிக்கும் என்று நாற்பது வருஷமாக இவருக்கே தெரியவில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், சிவசைலம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எது சொல்வதானாலும் எழுந்து வந்து, எனக்கு நேரே நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். முன்பெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே காபி கேட்பார். வயதானால் ஆண்களுக்குப் பெண்டாட்டி முகம் அடிக்கடி தேவைப்படும் போலிருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது, அடுப்படியில் இடைஞ்சலாகவும் இருக்கிறது.

கானக்குயிலுக்கு ஐந்து மார்க். குத்துப் பாட்டுக்காக அரை மார்க் குறைத்து நாலரை.

ஆனி 11, புதன்

பிரதோஷம் இல்லை, விருந்தாளி இல்லை, மின்தடை உண்டு. முருங்கைக்காய் மலிவு.

ஆனி 13, வெள்ளி

பயிற்சி. செண்பகவல்லியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

குழுவில் சின்னவள் அவள். போஸ்ட் ஆபீஸ் வேலை. நல்ல பெண், மரியாதை தெரிந்தவள், அக்கா அக்கா என்று காலைச் சுற்றுவாள். போன மாதம்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் இப்போது என் வலது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. நான் வரியைத் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால், அவள் மெல்ல "ம்..." என்று இழுக்கிறாள். இன்றைக்கு ஒரு தடவை அல்ல, பாட்டுக்குப் பாட்டு. எடுத்துக் கொடுக்கிற இடத்துக்கு ஆள் அடிபோடுகிறாள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உலகம்மையிடம் சொன்னேன். அவள் வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்காமல், "அவ ஆசையில செய்யுதா, விட்டுருட்டி" என்றாள். ஆசை என்று நானும்தானே சொல்கிறேன்.

ஆனி 17, செவ்வாய்

பாட்டருவி.

விளம்பரம் இல்லை. பாட்டு வரிகள் ஓடிக்கொண்டே வருகின்றன, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பழைய கோயில் பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்பது மார்க் போடலாம் என்று நினைத்தபோதுதான் மோசடி தெரிந்தது. நாங்கள் கற்கப்போகிற இரண்டாவது பாட்டைப் போட்டேன். கேசட்டில் நான் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பாட்டு அது. பல்லவிக்கு முன்னால் புல்லாங்குழல் தனியாக வரும். அதைக் காணவில்லை. தபலா இருக்கிறது, வயலின் பாதி இருக்கிறது, குழல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. ஜால்ராச் சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க வாத்தியங்களை வெட்டிச் சுருக்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கேட்பவர்களுக்கு என்ன தெரியும் என்கிற எண்ணம்.

கானக்குயிலிலும் அதே பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் குழல் இல்லை. ஆகக் கூட்டுக் கொள்ளை.

பாட்டருவிக்கு ஆறு மார்க். கானக்குயிலில் இருந்து இன்னும் ஒன்று வெட்டினேன்.

ஆனி 20, வெள்ளி

குழுவில் குழல் விஷயத்தைச் சொன்னேன். ஆதாரத்தோடு பாட்டையும் போட்டுக் காட்டினேன். "பாத்தியளா, இந்த இடத்துலதான் குழல் வரணும். ஒண்ணுமே இல்ல" என்றேன். உலகம்மை அவள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உலகம்மை அவள் தொடையில் கையை வைத்தாள். சரியான அடி என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் பேசும்போது இடையில் வரலாமா?

பாட்டருவி வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இவ்வளவு சீக்கிரம் இந்தக் குழு எதையும் ஒத்துக்கொண்டதில்லை. போன வருஷம் ஒரே நிறச் சேலை எடுக்க ஆறு கூட்டம் போட்டோம்.

ஆனி 24, செவ்வாய்

பருப்பு கருகிவிட்டது. குக்கர் விசில் சரியில்லை. மாற்ற வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். இவர் குக்கரைக் கையில் எடுத்து, விசிலைக் கழற்றி, ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டினார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி நின்றார். பிறகு, "புதுசு வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஒரு பொருளைப் பழுது பார்க்காமல் புதிது வாங்க ஒத்துக்கொண்ட மின்வாரியக்காரரை இன்றுதான் பார்க்கிறேன்.

ஆனி 28, சனி

ஸ்ருதி பிளஸ்.

பெயரிலேயே பந்தா. அதில் ஒரு வசதி இருக்கிறது: அவரவர் காதுக்குத் தகுந்த மாதிரி ஒலியைத் திருத்திக் கொடுக்குமாம். காதில் இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். அது மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக விடும். கேட்டதும் திரையைத் தொட வேண்டும். இவர் கிரிக்கெட் கேட்கிற இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, காலைப் பூஜை முடிந்த கையோடு உட்கார்ந்தேன்.

முதலில் கனத்த சத்தம், தொட்டேன். அடுத்தது, தொட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. கடைசியில், சோதனை முடிந்தது என்று எழுத்து வந்தது. என்ன முடிந்தது? தொடங்கவே இல்லையே.

ஆப் கெட்டுப்போயிருக்கிறது என்று இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கொண்டா பாப்போம்" என்று வாங்கி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் ஸ்ருதி பிளஸ்ஸுக்குப் பூஜ்யம் போடப் பேனாவை எடுத்தேன்.

அவர் தொட்டார். சற்று நேரம் கழித்துத் தொட்டார். மறுபடி தொட்டார். அவர் விரல் போய்க்கொண்டே இருந்தது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்த காது.

பாதியில் என் முகத்தைப் பார்த்தார். இயர்போனைக் கழற்றிவிட்டு, "ஆமாளா, இதுல ஏதோ கோளாறு இருக்கு" என்றார்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணம் ஆன புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனி 29, ஞாயிறு

கருவேப்பிலை, மல்லி, அரை லிட்டர் நல்லெண்ணெய்.

ஆனி 32, புதன்

இவர் தூங்கும் மத்தியானத்தில் அந்தச் சோதனையை மறுபடி வைத்துப் பார்த்தேன். இடது காது தனி, வலது காது தனி. பிறகு இயர்போனைத் துடைத்துவிட்டு மறுபடி. பிறகு என் மார்க் அட்டவணையை எடுத்து, பாட்டருவிக்கு வெட்டிய மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். கானக்குயிலுக்கும் கொடுத்தேன். குத்துப் பாட்டுக்கு வெட்டியதை மட்டும் கொடுக்கவில்லை. அது நியாயமாக வெட்டியது.

ஆடி 2, வெள்ளி

முழங்கால் வலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை. முதல் ஆடி வெள்ளி. அம்பாளுக்கு என் முழங்காலைப் பற்றித் தெரியும். அவளிடம் மட்டும் வீட்டிலேயே விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனை மாதமாக நான் எந்தச் சுருதியில் பாடிக்கொண்டிருக்கிறேன்? அந்தப் பெண்கள் அதை எப்படி வாங்கிப் பாடினார்கள்?

ஆடி 4, ஞாயிறு

உலகம்மை வந்தாள். கையில் ஒரு தைல பாட்டில். எந்தக் கால் என்று கேட்டாள். வலது என்றேன். சுடிதார் கால் மாதிரி இறுகப் பிடித்து இடது காலில் தைலம் தேய்க்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. "வலிக்குத கால் எதுன்னே ஒனக்குத் தெரியல்ல" என்று தேய்த்துக்கொண்டே சொன்னாள். அதற்குமேல் நடிக்க என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எல்லோருக்கும் தெரியுமாம். தைப்பூசத்துக்கு முன்னாலிருந்தே தெரியுமாம். மேல் ஸ்தாயி போகிற இடங்களில் நான் கீழேயே நின்றுவிடுகிறேனாம். யார் என்னிடம் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டோம்ட்டி. என் பேருதான் வந்திச்சி. நான் சொல்லமாட்டேன்னுட்டேன். மறுபடி குலுக்கினோம், மறுபடியும் நாந்தான்."

"பெறவு?"

"பெறவு செண்பகவல்லிதான் சொன்னா, சொல்லாண்டாம், நான் பக்கத்துல ஒக்காந்து சுருதி குடுக்கேன்னு. நீ அவள மொறைச்ச மொறையில அவ ரெண்டு நாள் சாப்பிடல்ல."

நான் எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டேன். அடுப்புக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பாலைக் கலக்கினேன். அந்த "ம்..." எனக்குக் கொடுத்த கை. நான் அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு நடந்திருக்கிறேன்.

போகும்போது உலகம்மை சொன்னாள்: "குழல் காணல்லன்னு நீ பாட்டப் போட்டுக் காட்டினியே, அன்னைக்கு எங்களுக்கு உயிரே இல்ல. அது காதக் கிழிச்சிக்கிட்டுப் பாடுது, நீ ஒண்ணுமே இல்லங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

ஆடி 7, புதன்

திருநெல்வேலிக்குக் காது பார்க்கப் போனோம். இவர்தான் பஸ் பிடித்தார், இவர்தான் டோக்கன் வாங்கினார், உள்ளே என்னைவிட இவர்தான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். சோதித்த பெண் ஒரு வரைபடம் காட்டினாள். கனத்த சத்தங்களில் கோடு மேலே நேராகப் போகிறது. மெல்லிய கூர்மையான சத்தங்கள் வரும் இடத்தில் தாமிரபரணிப் படித்துறை மாதிரி இறங்குகிறது. காதுக்குள் மாட்டும் கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் பழைய மாதிரி இருக்காது, பழகவேண்டும் என்றாள். இரண்டு வாரம் சும்மா போட்டுப் பார்க்கலாமாம்.

ஆப்புக்கும் சும்மா, காதுக்கும் சும்மா. உலகம் முழுக்க ஒரே வியாபாரம்தான்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று பஸ்ஸில் இவரைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. பிறகு அவருக்கே நினைவு வந்து, திரும்பி, முகத்துக்கு நேரே வந்து, "நீ பாடுத, சந்தோசமா இருக்க. அத நான் எப்படிளா சொல்ல?" என்றார். பின் இருக்கைப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்னவென்று நினைத்தாளோ.

ஆடி 14, புதன்

கருவி வந்துவிட்டது. உலகம் இத்தனை வாயாடி என்று தெரியாது. தோசைக்கல், சேலை மடிப்பு, இவர் செருப்பு எல்லாம் பேசுகின்றன. கோலமாவு டப்பாவைத் திறந்தால் அது கத்துகிறது. இவர் காபி குடிக்கும் சத்தத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். கட்டிக்கொண்டாயிற்று.

கருவி போனோடு நேராகச் சேர்ந்துகொள்கிறது. பாட்டு வெளியே கேட்காமல் எனக்குள் மட்டும் ஓடுகிறது. மூன்று ஆப்பிலும் அந்தப் பாட்டைப் போட்டேன். மூன்றிலும் குழல் இருந்தது. எங்கும் போகாமல் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஆடி 20, செவ்வாய்

கேட்பது வேறு, பாடுவது வேறு. கருவியோடு பாடினால் என் குரல் எனக்கு யாரோ ஒருத்தி தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது மாதிரி இருக்கிறது. எங்கே தொடுகிறேன், எங்கே வழுக்குகிறேன் என்று பிடிபடவில்லை. கழற்றிவிட்டுப் பாடினால் சுகமாக இருக்கிறது. சுகமாக இருந்துதானே இத்தனையும் வந்தது.

பழக மாதங்கள் ஆகும் என்றாள் அந்தப் பெண். பூஜை அடுத்த வாரம்.

ஆப் முடிவு மட்டும் செய்துவிட்டேன். பாட்டருவி, ஒன்பது மார்க். பெரிய எழுத்து, பழைய கோயில் பாட்டு, தானாக எதையும் தேர்ந்தெடுக்காத அடக்கம். ஸ்ருதி பிளஸ்ஸுக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு. ஆனால் அதில் அம்மன் பாட்டு குறைவு, நன்றிக்காகக் குழுவின் காசைக் கொட்ட முடியாது.

ஆடி 27, செவ்வாய்

செண்பகவல்லி வீட்டுக்குப் போனேன். அவள் போஸ்ட் ஆபீஸில் இருந்து வந்து அப்போதுதான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் கையில் இருந்த துணியில் பாதியை வாங்கி மடித்துக்கொண்டே பேசினேன். என் காதில் இருப்பதைக் காட்டினேன். நீ செய்ததெல்லாம் தெரியும் என்றேன்.

"தப்பா எடுத்துக்கிடாதியக்கா. நீங்க ஏறுத எடத்துல ஒரு நூல் கீழ நிப்பிய. நான் முன்னால லேசா இழுத்தா ஏறிருவிய. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை நீ எடுத்துக் கொடு, நான் மற்றவர்களோடு வாங்கிப் பாடுகிறேன் என்றேன். இதை வாயால் சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வரி. சொன்னதும் தலையணை உறையை உதறுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வரிகளின் இடமும் மூச்சும் உங்களிடம்தான் இருக்கிறது, எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியாது என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, எடுத்த துணியை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், அவள் ஒவ்வொரு வரியின் முதல் ஒலியை எடுப்பது, நான் அதைப் பிடித்து வரியைக் கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டோம். முன்பு ஒளித்துச் செய்ததை இனி வெளியே செய்வோம்.

நான் மடித்த துணியை அவள் திரும்ப மடித்தாள். அந்தக் காலத்துப் பெண்ணாக இருந்தால் நான் போனபிறகு செய்திருப்பாள்.

ஆடி 31, சனி

நேற்றுப் பூஜை நடந்தது. காலை வேலை எல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கொண்டையை உயர்த்திப் போட்டுக்கொண்டு போனேன். காதில் இருப்பது தெரியட்டும் என்றுதான். மூன்று பேர் அது என்ன புது மாடல் தோடா என்று கேட்டார்கள். ஒருத்தி என்ன விலை என்றும் கேட்டாள்.

மைக்கைக் கையில் வாங்கினேன். விளக்குகள் அத்தனையும் எதிரே ஆடிக்கொண்டிருந்தன. எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வழக்கம்போல நான் தொடங்கவேண்டும் என்று காத்திருந்தார்கள். பேசாமல் தொடங்கிவிடலாம், பக்கத்தில் அவள் இழுப்பாள், யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைப் போகச் சொன்னேன். மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன்.

"செண்பகம், நீ எடு. நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றேன். மைக்கில் ஊருக்கே கேட்டது.

அவள் எடுத்தாள். நான் பிடித்தேன். முதல் பாட்டில் ஒரு இடத்தில் அவள் மூச்சுக்குத் தவித்தாள், நான் கையால் அமர்த்திக் காட்டினேன், நின்றாள். இரண்டாவது பாட்டில் நான் ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை என்று எனக்கே கேட்டது. மறுபடி போனேன், ஏறினேன். தப்பு கேட்பதும் ஒரு சுகம்தான். குருக்கள் தீபாராதனையை இரண்டு நிமிஷம் தள்ளி வைத்துக் காத்திருந்தார். உலகம்மை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, அதனால் அவளுக்குக் காய்ச்சலோ என்று பயந்தேன்.

முடிந்து பிரசாதம் கொடுக்கிற வரிசையில் செண்பகவல்லி என் பக்கத்தில் நின்றாள். நான் சர்க்கரைப் பொங்கல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாவது பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே இலை கொடுத்தாள். அவள் குரலை இத்தனை மாதத்தில் நேற்றுத்தான் முழுதாகக் கேட்டேன். நல்ல குரல், தண்ணீர் மாதிரி குரல். ஆனால் மேலே போகிற இடங்களில் நன்றாக மூக்கால் பாடுகிறாள்.

அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். "என்னக்கா?" என்றாள், கண்ணெல்லாம் சிரிப்பாக. ஒன்றுமில்லை என்று சொல்லி, அவளுக்கும் ஒரு இலை எடுத்து, அதில் ஒரு கரண்டி கூடுதலாகப் பொங்கல் வைத்தேன்.